எழுதாமல் விடப்படும் எண்கள்





1984-ல் ஸ்வீடன் தேசத்து ஆஸ்ட்லிங், யோஹான்சன் இருவரும் தொடங்கிவைத்து, 1988-ல் நரேந்திர பி. சிங்கும் அவருடைய சகாக்களும் கடுமையான காரக் கரைசலில் நடத்திக்காட்டிய காமெட் பரிசோதனையை இச்சபையில் உள்ளோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அகரோஸ் கூழில் பதித்த உயிரணுவின் சவ்வையும் புரதங்களையும் கரைத்து நீக்கி, எஞ்சிய டி.என்.ஏ.யைக் காரத்தில் பிரியவிட்டு, மின்சாரம் பாய்ச்சினால், முறிந்த இழைகள் நேர்மின்முனையை நோக்கி நகர்ந்து, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கையில் வால்நட்சத்திரம்போல் காட்சியளிக்கின்றன. வாலில் எத்தனை சதவிகிதம் டி.என்.ஏ. உள்ளது என்பதே சேதத்தின் அளவு. முறை எளிது, செலவும் சொற்பம். அதனாலேயே உலகமெங்கும் பரவியது. பரவிய இடமெல்லாம் சிறிது சிறிதாக மாறியும் போயிற்று.

அந்த வால் எதனால் நீள்கிறது? சேதத்தால் மட்டுமன்று. மின்புலம் கூடினாலும், காரத்தில் வைத்திருந்த நேரம் கூடினாலும், கூழின் செறிவு குறைந்தாலும் வால் வளரும். இப்படியிருக்க, நம் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் காண்பதென்ன? '25 வோல்ட், 300 மில்லியாம்பியர்' என்று ஒரு வரி. தொட்டியின் நீளம் தெரியாமல், ஸ்லைடுகள் கிடக்கும் மேடையின் மீது கரைசல் எவ்வளவு உயரம் நின்றது என்று அறியாமல், அந்த 25 வோல்ட்டைக் கொண்டு வாசகர் என்ன செய்ய முடியும்? டி.என்.ஏ.யை இழுப்பது சென்டிமீட்டருக்கு இத்தனை வோல்ட் என்ற அளவே; அதையும் மின்முனைகளுக்கு இடையிலுள்ள தூரத்தால் வகுத்துக் கணக்கிடாமல், மேடையின் மீதே அளந்தறிய வேண்டும். 'முன்னர் விவரித்தபடி' என்ற சொற்றொடரைப் பற்றியோ கேட்கவே வேண்டாம்; அது காட்டும் கட்டுரையைத் தேடிப்போனால், அங்கேயும் அதே சொற்றொடர் நம்மை இன்னொரு கட்டுரைக்கு அனுப்பிவைக்கும்; யாத்திரையின் முடிவில் கிட்டுவதோ வேறொருவருடைய தொட்டி!

இத்தகைய விவரங்களைக் கேட்பது வீண் நுணுக்கம் என்று எண்ணுவோர், டி.என்.ஏ.யின் ஆக்ஸிகரணச் சேதத்தை அளக்கும் முறைகளை ஆராய்ந்த எஸ்காட் குழுவின் சரித்திரத்தை நினைத்துப் பார்க்கட்டும். 1990-களின் இறுதியில், ஆக்ஸிகரணத்தால் சேதமுற்ற குவானினின் அளவை அறிய, ஐரோப்பிய ஆய்வகங்கள் பல ஒரே மாதிரிகளைப் பகிர்ந்து அளந்தபோது, விடைகள் ஒன்றுக்கொன்று பன்மடங்கு வேறுபட்டு நின்றன. டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கும் வேளையிலேயே புதிய ஆக்ஸிகரணம் நிகழ்ந்து, கையாளுகையின் விளைவு உயிரணுவின் சேதமாகக் கணக்கில் ஏறியதே அதற்கு முக்கியமான காரணமென்று தெரியவந்தது.

எண்ணிக்கையைச் சொல்வதிலும் இதே கவனம் தேவை. விலங்குகளில் செய்யும் காமெட் பரிசோதனைக்கு ஓ.ஈ.சி.டி. ஸ்தாபனம் 2014-ல் ஏற்ற 489-ஆம் வழிகாட்டுதல், மாதிரி ஒன்றுக்குக் குறைந்தது 150 உயிரணுக்களை எண்ணச் சொல்கிறது. ஆனால் புள்ளியியலில் எண்ணிக்கை என்பது விலங்குகளின் எண்ணிக்கையே. 150 உயிரணுக்களை 150 சாட்சிகளாக நிறுத்துவது நியாயமாகாது. இத்தகைய விவரங்கள் விடுபடாதிருக்க, 2020-ல் வெளியான மிர்க்கா என்னும் பரிந்துரை, காமெட் பரிசோதனை அறிக்கையில் இடம்பெறவேண்டிய விவரங்களை இன்றியமையாதவை, விரும்பத்தக்கவை என வகுத்துத் தந்தது. எல்லோரையும் ஒரே முறையில் பரிசோதனை செய்யச் சொல்லும் சட்டமன்று அது. செய்தது எதுவோ அதைச் சொல்லச் சொல்கிறது, அவ்வளவே. முறையை ஒன்றாக்குவதைவிட இது எளிதென்பதும், அவசரமென்பதும் என் அபிப்பிராயம்.

ஆகவே இன்று பேசவிருக்கும் நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம். முதல் வரைபடத்தைக் காட்டுமுன், சென்டிமீட்டருக்கு எத்தனை வோல்ட், காரத்தில் எத்தனை நிமிஷம், குழுவுக்கு எத்தனை விலங்குகள் என்ற மூன்றையும் வாசித்துவிடுங்கள். மறந்தவர்களைத் தலைமை ஆசனத்திலிருந்து நானே கேட்பேன். அதற்காகும் நேரம் அவரவர் பேச்சு நேரத்திலேயே கழிக்கப்படும்.