இந்தச் சின்னம் யாருக்கு உரியது?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இன்று மண்டபத்துக்குள் வந்தபோது எங்களில் பலர் ஒருவரையொருவர் முகத்தால் அடையாளம் காணவில்லை. சேலையில் குத்தியிருந்த விளக்குச் சின்னந்தான் காட்டிக்கொடுத்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவிகளிடமும் இத்தகைய சங்கங்கள் உண்டு. 1908 இல் வாஷிங்டனிலுள்ள ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகள் அல்பா கப்பா அல்பா சங்கத்தைத் தொடங்கினார்கள். ஐவி இலை அதன் சின்னம். அவர்கள் போற்றும் இருபது முத்துகள் நிறுவுநர் இருபது பேரையும் குறிக்கின்றன. 1913 இல் அங்கேயே 22 மாணவிகள் டெல்ரா சிக்மா தீற்றா சங்கத்தை ஆரம்பித்தார்கள். அவ்வாண்டு மார்ச் 3 இல் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் அச்சங்கத்தினரும் நடந்தார்கள். அணிந்தவர்களின் செயலே சின்னத்துக்குப் பொருள் தந்தது.

அச்சங்கங்களில் உறுப்பினரைத் தெரிவுசெய்தே சேர்ப்பார்கள். எங்களுக்கோ, வரவு இடாப்பில் பெயர் ஏறிய அன்றே சின்னம் சொந்தமாயிற்று. இதை நாங்களே மறந்திருந்தோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு ஊரே இடம்பெயர்ந்தது. எங்கள் வகுப்பில் பலர் திரும்பி வரவில்லை, பரீட்சையும் எழுதவில்லை. பல வருடங்களின் பின் அவர்களில் ஒருத்தி எங்களில் ஒருவரின் கிளினிக்குக்கு வந்தாள். பக்கத்து வாங்கில் இருந்து படித்தவள், "டொக்டர்" என்றுதான் அழைத்தாள். கிளினிக் கொப்பி வைத்திருந்த பையில் அந்தச் சின்னமும் இருந்தது. சங்கத்தில் சேரச் சொன்னபோது, "நான் சோதினை எடுக்கேல்லையே, என்னைப் பழைய மாணவி எண்டு சேர்ப்பினமோ?" என்று கேட்டாள்.

எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஏனெனில் எங்கள் விண்ணப்பப் படிவத்தில் பரீட்சைக்குத் தோற்றிய ஆண்டைக் கேட்டிருந்தோம். அந்தக் கேள்வியை இப்போது நீக்கிவிட்டோம். கல்லூரியில் படித்த ஆண்டுகளை மட்டுமே கேட்கிறோம்.

சகோதரிகளே, ரொறன்ரோவில், லண்டனில், கொழும்பில், வன்னியில் எங்கிருந்தாலும் உங்கள் வகுப்பில் விடுபட்ட ஒருத்தியைத் தேடிப் பேசுங்கள். அவள் பெயரையும் எமக்கு அனுப்புங்கள். எல்லோர் பெயரும் சேர்ந்தால்தான் இந்த விளக்கு எங்கள் எல்லோருக்கும் உரியதாகும்.