வூஃபருக்கு முன் ஃபியூஸ்



ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. எந்த வயர் எவ்வளவு தடிமன், அதற்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று கணக்குப் பார்த்து முடித்த பிறகே ஒவ்வொரு காரும் ஆலையைவிட்டு வெளியே வருகிறது. அதே காரில் நாம் சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டும்போது, அந்தக் கணக்கை நாம்தான் பார்க்க வேண்டும்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு வூஃபர் வாங்கப் போகிறவர்கள், பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். அது கண நேரம் மட்டுமே தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு ஆர்.எம்.எஸ். என்று சிறிய எழுத்தில் இருக்கும். வூஃபரின் ஆர்.எம்.எஸ்ஸும் ஆம்ப்பின் ஆர்.எம்.எஸ்ஸும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். அதோடு, ஆம்ப் அந்த வாட்டை எத்தனை ஓம் மின்தடையில் தருகிறது என்றும் கேளுங்கள்.

இரட்டை வாய்ஸ் காயில் உள்ள வூஃபர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு காயிலும் 4 ஓம். இரண்டையும் சீரிஸில் இணைத்தால் 8 ஓம், பேரலலில் இணைத்தால் 2 ஓம். 2 ஓமில் 500 வாட் தரும் ஆம்ப், 8 ஓமில் ஏறக்குறைய அதில் கால் பங்குதான் தரும். சத்தம் போதவில்லை என்று வருந்துவோர் பலருக்குக் கோளாறு இங்கேதான்.

அதே போன்ற இன்னொரு வூஃபரையும் சேர்த்து நான்கு காயிலையும் பேரலலில் கட்டினால் 1 ஓம் ஆகிவிடும். குறைந்தது 2 ஓம் வேண்டும் என்று போட்டிருக்கும் ஆம்ப்புக்கு இது ஆபத்து. அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்துச் சூடேறும்; நின்று போகும், அல்லது எரிந்து போகும். ஒவ்வொரு வூஃபரின் இரு காயிலையும் சீரிஸில் கட்டி, பிறகு இரண்டு வூஃபரையும் பேரலலில் இணையுங்கள்: 4 ஓம், பாதுகாப்பானது. இணைத்து முடித்ததும் ஆம்ப்பில் மாட்டுமுன் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 4 ஓம் என்பது மீட்டரில் மூன்றரைக்குப் பக்கமாகத்தான் காட்டும். அது சரியே.

கெயின் குமிழ் ஒலியைக் கூட்டுவதற்கானது அல்ல. ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஆம்ப்பை ஒத்துப்போகச் செய்வதற்கானது. அதை முழுக்கத் திருகினால் சிக்னலின் தலை வெட்டுப்படும், காயில் சூடேறிக் கருகும். ஆலையில் ஷிப்ட் முழுக்க இரைச்சலில் நின்றுவிட்டு வரும் தோழர்கள், காதை எண்ணியாவது ஒலியைக் குறைத்து வையுங்கள். போன செவித்திறன் திரும்ப வராது.

இனி, நான் மிகவும் கவலைப்படும் விஷயம். 500 வாட் ஆம்ப் முழுத் திறனில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 4 கேஜ் அசல் செம்பு வயரும் 60 ஆம்பியர் ஃபியூஸும் பொருந்தும். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதே தடிமனில் செம்பு தாங்கும் அளவு அது தாங்காது. எர்த் வயரை, பெயின்ட்டைச் சுரண்டிய பாடி இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

பேட்டரியிலிருந்து புறப்படும் வயர், எஞ்சினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகரத் துளை வழியாக நுழைந்து கார்ப்பெட் அடியில் டிக்கிவரை போகிறது. அந்தத் துளையில் ரப்பர் வளையம் இல்லையென்றால் விளிம்பில் உரசி உறை கிழியும். செம்பு பாடியைத் தொட்டதும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். வயர் பழுத்துத் தீப்பிடிக்கும். ஆம்ப்பில் இருக்கும் ஃபியூஸ் அப்போது உதவாது. வயர் முழுவதும் அதற்கு முன்னால் அல்லவா இருக்கிறது! வயரைக் காக்கும் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே வூஃபர் மாட்டியவர்கள் இன்றே பானெட்டைத் திறந்து பாருங்கள். அந்த இடத்தில் ஃபியூஸ் இல்லையென்றால், ஆம்ப்புக்குப் போகும் வயரைப் பேட்டரியிலிருந்து கழற்றி வையுங்கள். ஃபியூஸ் போட்ட பிறகு பாட்டுக் கேட்கலாம்.