வீட்டுக்கு விலக்கு உண்டு, காலி நிலத்துக்கு இல்லை

வீடமைப்புத் திட்டங்களில் வீட்டு விலையைக் கேட்டு மலைத்துப்போகும் இளம் தம்பதியர் பலர், ஊர்ப்பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கி, வசதிக்கேற்ப வீடு கட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ‘முதல் வீடு வாங்குவோருக்கு முத்திரை வரி கிடையாது’ என்று கேள்விப்பட்டதை நம்பி, அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சொத்து கைமாறும்போது உரிமை மாற்றுப் பத்திரத்துக்கு வாங்குபவர் முத்திரை வரி செலுத்த வேண்டும். மலேசியக் குடிமக்களுக்கு முதல் 100,000 ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடு. அடுத்த 400,000 ரிங்கிட்டுக்கு 2 விழுக்காடு. அதற்கு மேல் 10 லட்சம் வரை 3. அதையும் தாண்டினால் 4. அப்படியானால் 500,000 ரிங்கிட் வீட்டுக்கு வரி 9,000 ரிங்கிட். அது முதல் வீடாக இருந்தால் அவ்வளவுக்கும் விலக்கு. 2021 ஜனவரியில் தொடங்கிய இச்சலுகை, 2026 பட்ஜெட்டில் 2027 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது.

விலக்கு ஆணை ‘குடியிருப்புச் சொத்து’ என்று சொல்வது வீடு, கொண்டோமினியம், அடுக்குமாடி வீடு போன்றவற்றைத்தான். காலி நிலம் அதில் வராது. “வீடு கட்டத்தானே வாங்குகிறோம்?” என்று கேட்கலாம், கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பத்திரம் கைமாறும் நாளில் அங்கே இருப்பது மண் மட்டுமே. சொந்தமாகக் கட்டிக்கொள்பவரும் முதல் வீட்டுக்காரர்தான் என்பதை அரசாங்கம் எண்ணிப் பார்த்தால் நன்று.

அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. இந்த வரி நிலத்தின் மதிப்புக்கு மட்டுமே. 150,000 ரிங்கிட்டுக்கு நிலம் வாங்கி, 300,000 ரிங்கிட் செலவில் வீடு கட்டினால், உரிமை மாற்று வரி 2,000 ரிங்கிட்தான். கடன் ஒப்பந்தத்துக்கு 0.5 விழுக்காடு வரி தனி. குத்தகையாளருடன் செய்துகொள்ளும் கட்டுமான ஒப்பந்தத்துக்கும் முத்திரையிட வேண்டும்.

இன்னொன்று. வரி, பேசிய விலைக்கா சந்தை மதிப்புக்கா என்றால், எது அதிகமோ அதற்கு. தெரிந்தவர் 120,000 ரிங்கிட்டுக்கு விட்டுக்கொடுத்த நிலத்தை மதிப்பீட்டுத் துறை 160,000 என்று மதிப்பிட்டால், 1,400 ரிங்கிட் என்று நினைத்திருந்த வரி 2,200 ஆகிவிடும். அந்த வித்தியாசத்துக்குக் கையில் ரொக்கம் இருக்க வேண்டும். தாமதித்தால் அபராதமும் சேரும்.

அப்பா பெயரில் நிலம் இருந்தால் கணக்கே வேறு. பெற்றோர் அன்பளிப்பாகப் பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கும் சொத்தில், பிள்ளை குடிமகனாக இருந்தால், முதல் 10 லட்சம் ரிங்கிட் மதிப்புக்கு வரி இல்லை. 2023 ஏப்ரல் முதல் இது நடப்பில் உள்ளது. இங்கே காலி நிலமா, வீடா என்ற கேள்வியே எழாது.

வரியைவிடப் பெரிய செலவு நிலப் பட்டாவில் ஒளிந்திருக்கலாம். ‘விவசாயம்’ என்று குறித்த நிலம் மலிவாகக் கிடைக்கும். அதைக் கட்டட நிலமாக மாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆவது பிரிவின் கீழ் மாநில அரசிடம் விண்ணப்பித்து, பிரீமியம் கட்ட வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்படவும் கூடும். செலுத்திய முத்திரை வரி அதற்காகத் திரும்பி வராது. மலாய் ரிசர்வ் நிலமானால் நம்மவர் பெயருக்கு மாற்றவே முடியாது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி, பட்டா விவரங்களை எடுத்து வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.