வாங்கிப் போட்ட வீடு

(பட்டிமன்றத் தலைப்பு: “ரமணாசிரமப் பகுதியில் வீடு வாங்குவது நிம்மதியே! நெருக்கடியே!” – ‘நெருக்கடியே’ அணியில் ஆற்றிய உரை)

    

எனக்கு முன்னால் எதிரணித் தங்கை எவ்வளவு அழகாகப் பேசினாங்க! “காலையில கதவைத் திறந்தா அண்ணாமலை. நாலு அடி வச்சா ரமணாசிரமம். சாயங்காலம் வேதபாராயணம். ஓய்வு பெற்ற காலத்துல அங்க ஒரு வீடு வாங்கிப் போட்டா வேற என்னய்யா வேணும்?”னு கேட்டாங்க. கேட்டப்போ எனக்கே எங்க கையெழுத்துன்னு கேட்கத் தோணிச்சு. (சிரிப்பு)

ஆனா நடுவர் அவர்களே, “வாங்கிப் போட்டா”ன்னு ஒரு வார்த்தை விட்டாங்க பாருங்க, அங்கதான் நான் நின்னுட்டேன். சேலையை வாங்கிக் கட்டுறோம். அரிசியை வாங்கிப் பொங்குறோம். புத்தகத்தை வாங்கிப் படிக்கிறோம். வீட்டை மட்டும் வாங்கிப் போடுறோம்! குடியிருக்க வேண்டிய ஒன்றைப் போட்டு வைக்கிற பொருளாக என்றைக்கு நினைக்க ஆரம்பிச்சோமோ, அன்றைக்கே நெருக்கடி ஆரம்பம். என் வாதம் முழுக்க இந்த ஒரு வார்த்தையைப் பற்றியதுதான்.

தமிழிலே ‘வீடு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, குடியிருக்கும் இடம். இன்னொன்று, அறம் பொருள் இன்பம் வீடு என்று சொல்கிறோமே, அந்த முக்தி. விடுதல் என்பதிலிருந்து வந்தது வீடு. திருவண்ணாமலை, நினைத்தாலே முக்தி தரும் தலம் என்பார்கள். ஒரு காலத்தில் அந்த வீட்டைத் தேடி வந்தார்கள். இப்போது இந்த வீட்டைத் தேடி வருகிறார்கள். அப்போது வந்தவர்கள் எல்லாத்தையும் விட்டார்கள். இப்போது வருகிறவர்கள் அட்வான்ஸ் கொடுத்து மடக்குகிறார்கள். (கைதட்டல்)

எதிரணித் தலைவர் ஒன்று கேட்டார். “வெளியூர்க்காரன் வந்து வாங்கினா தப்பா? ரமணரே வெளியூர்தானே?” நல்ல கேள்வி. திருச்சுழியில் பிறந்த பிள்ளை, 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்தது. சேஷாத்ரி சுவாமிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர். யோகி ராம்சுரத்குமார் கங்கைக் கரையிலிருந்து வந்தவர். மூன்று பேரும் வெளியூர். ஒத்துக்கறேன். ஆனா வந்து என்ன செய்தார்கள்? ரமணர் கையிலே மிச்சம் இருந்த மூன்றே சொச்சம் ரூபாயை அய்யங்குளத்திலே வீசி எறிந்தார். யோகியார் கடைத்திண்ணைகளிலும் புன்னை மரத்தடியிலும் எத்தனையோ ஆண்டு கிடந்தார். வந்தவர்கள் அந்த ஊர் மண்ணிலேயே கரைந்து போனார்கள். வெளியூர்க்காரர் வருவது குறையே இல்லை. வந்து, வாங்கி, பூட்டிவிட்டுப் போவதுதான் குறை.

சரி, திருட்டுக்கு வருவோம். எதிரணியிலே ஒரு தம்பி, “சாமி இருக்கிற ஊர்ல திருடன் எப்படி வருவான்?”னு கேட்டார். தம்பி, சாமி வீட்டுக்கே திருடன் வந்திருக்கான்!

1924 ஜூன் 26. இரவு பதினொன்றரை மணி சுமார். ரமணாசிரமம் அப்போது சின்னக் குடில். அம்மா சமாதியடைந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருக்கு. திருடர்கள் வந்து ஜன்னலை உடைக்கிறார்கள். உள்ளே ரமணரும் சில அடியார்களும். பகவான் என்ன செய்தார்? நாங்கள் வெளியே வந்துவிடுகிறோம், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்தவரைத் தொடையிலே அடித்தான் ஒருவன். அடியார் ஒருவர் கோபத்தோடு இரும்புக் கம்பியை எடுத்தபோது, நாம் சாதுக்கள், நம் தர்மத்தை விடவேண்டாம் என்று தடுத்துவிட்டார். அவர்கள் தேடுவதற்கு விளக்கு கொடுக்கச் சொன்னார்! கிடைத்தது என்ன? சில ரூபாயும் கொஞ்சம் அரிசியும் பூஜைச் சாமான்களில் இருந்த வெள்ளியும்.

இந்தச் சம்பவத்தைப் பக்தியோடு பலரும் சொல்வார்கள். நான் இன்னொரு பக்கம் காட்டுகிறேன். உதவிக்கு ஆள் கூப்பிட எங்கே ஓடினார்கள்? ஊருக்குள்ளே ஓடினார்கள். ஏன்? பக்கத்திலே வீடே கிடையாது. கத்தினால் கேட்க ஆள் இல்லாத இடம். அதனால்தான் திருடனுக்குத் துணிச்சல் வந்தது.

இப்போது நூறு வருஷம் கழித்து அதே செங்கம் சாலைக்குப் போங்க. ஆசிரமத்தைச் சுற்றி மாடி மேல மாடி. தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலே ‘அறை வாடகைக்கு’ப் பலகை. ஆனா உள்தெருவிலே ராத்திரி எட்டு மணிக்கு நடந்து பாருங்க. பல வாசலிலே விளக்கு இல்லை. முதலாளி சென்னையில, பெங்களூர்ல, ஹைதராபாத்ல, அமெரிக்காவுல. வீடு மட்டும் திருவண்ணாமலையில. 1924இல் வீடே இல்லாததால் தனிமை. இன்றைக்கு வீடு இருந்தும் ஆள் இல்லாததால் தனிமை. திருடனுக்கு இரண்டும் ஒன்றுதான் ஐயா! (பலத்த கைதட்டல்)

“கேமரா வைப்போமே”ன்னு தம்பி முணுமுணுக்கிறார். 2023 பிப்ரவரி 12 விடியற்காலை. திருவண்ணாமலை நகரிலும் மாவட்டத்திலுமாக ஒரே ராத்திரியில் நாலு ஏ.டி.எம். இயந்திரங்களை காஸ் கட்டரால் வெட்டி 70 லட்சத்துக்கும் மேலே அள்ளிக்கொண்டு போனார்கள். போலீஸ் ஹரியானா வரைக்கும் போய் ஆளைப் பிடித்தது. வங்கிப் பெட்டிக்கே அந்தக் கதி என்றால், நம்ம பீரோ எம்மாத்திரம்? கேமரா வந்தவன் முகத்தைப் பிறகு காட்டும். “யாருப்பா நீ?” என்று அப்பவே கேட்கத் தெரு மனுஷன்தான் வேணும்.

அந்தத் தெரு மனுஷன் எங்கே போனார்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

என் பள்ளித் தோழர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சேமநல நிதி மொத்தத்தையும் போட்டு ஆசிரமத்துக்குப் பின்னால் உள்தெருவிலே ஒரு வீடு வாங்கினார். அவர் தெருமுனையிலே ஓர் அம்மா, இட்லிக்கடை. விடியற்காலை மூன்றரை மணிக்கு அடுப்பு மூட்டுவாங்க. யார் வீட்டுக்கு யார் வர்றா, யார் ஊருக்குப் போயிருக்கா, எல்லாம் அந்த அம்மாவுக்கு அத்துப்படி. நம்ம தோழர் சாவியே அவங்ககிட்டதான் கொடுத்துட்டுப் போவார். கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் வெளிநாட்டு அன்பர்கள் வருகிற பருவம். அந்த நாலு மாசத்துக்கு ஒருத்தர் கொடுக்கிற வாடகை, இட்லிக்கடை ஒரு வருஷத்துக்குக் கொடுக்கிற வாடகையை விட அதிகம். வீட்டுக்காரர் கணக்குப் பார்த்தார். அம்மாவைக் காலி பண்ணச் சொன்னார். கணக்குத் தப்பில்லை. அவருக்கும் பெண் கல்யாணம் இருக்கு.

அம்மா ஊருக்கு வெளியே ஏழு கிலோமீட்டர் தள்ளிப் போயிட்டாங்க. அடுத்த மூன்றாவது பௌர்ணமி. நம்ம தோழர் சம்சாரத்தோடு கிரிவலம் போனார். பதினாலு கிலோமீட்டர், சுற்றிவர அஞ்சு மணி நேரம். திரும்பி வந்தா கதவு உடைஞ்சிருக்கு. அவர் அம்மா கொடுத்த குத்துவிளக்கு, சம்சாரத்தோட ரெண்டு வளையல், மோட்டார் பம்ப் எல்லாம் போச்சு. எனக்கு போன் பண்ணி என்ன சொன்னார் தெரியுமா? “வளையல் போனது கூட வருத்தமில்லேப்பா. அந்தம்மா இருந்திருந்தா ஒரு சத்தம் போட்டிருப்பாங்க.”

நடுவர் அவர்களே! அந்தப் பகுதியை எல்லாரும் ஏன் விரும்புறாங்க? அமைதிக்காக. அந்த அமைதி எங்கிருந்து வந்தது? பூக்கட்டுற அம்மா, இட்லிக்கடை, ஆட்டோக்காரர், திண்ணையிலே படுத்திருக்கிற சாது, இவங்க எல்லாரும் சேர்ந்து காவல் காத்ததாலே வந்தது. ஆசிரமத்திலே இன்றைக்கும் பகல் பந்திக்கு முன்னால் வாசலிலே சாதுக்களுக்குச் சோறு போடுறாங்களே, அந்த மனசினாலே வந்தது. விலை ஏற ஏற இவங்கதான் முதலில் வெளியேறணும். அப்போ நாம அம்பது லட்சம் கொடுத்து எதை வாங்குறோம்? அமைதியைத் தந்தவர்களை அனுப்பிவிட்டு, காலி அமைதியை வாங்குறோம்!

அடுத்தது பத்திரம். மகரிஷி இருந்த இடத்துக்கே வழக்கு வந்தது தெரியுமா? ஆசிரமத்தின் உரிமையை ஒருவர் கோரி வழக்குப் போட, 1936இல் கமிஷனர் ஆசிரமத்துக்கே வந்து பகவானிடம் சாட்சியம் வாங்கினார். எதுவும் என்னுடையதல்ல என்றவருக்கே அந்த நிலைமை. எல்லாம் என்னுடையது என்கிற நமக்கு என்ன நிலைமை? (சிரிப்பு)

இந்திய வம்சாவளியல்லாத, வெளிநாட்டிலேயே வாழ்கிற அன்பர்கள் இங்கே நிலம் வாங்கச் சட்டம் இடம் கொடுக்காது; ஐந்து வருஷத்துக்கு மேற்படாத குத்தகைதான். ஆசைப்பட்டு உள்ளூர்க்காரர் பெயரிலே வாங்கினால் அது பினாமி. 1988இலேயே சட்டம் போட்டாச்சு, 2016இல் இன்னும் இறுக்கியாச்சு. அப்படி ஒரு வீடு நாளைக்கு நம் கைக்கு விலைக்கு வந்தால், பணம் போட்டவர் ஒருவர், பத்திரத்தில் இருப்பவர் ஒருவர், வழக்கிலே மாட்டுவது மூன்றாவதாக வாங்கிய நாம்! கோயில் நிலமா, ஓடைப் புறம்போக்கா, அங்கீகாரம் இல்லாத மனையா, இதெல்லாம் பார்க்கணும். மூலப்பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், இத்தனையும் ஒரு வக்கீல் கண்ணிலே படணும். தரகர் சொன்னார்னு வாங்கக் கூடாது. தரகர் மலையையே காட்டி, “இது உங்க வியூ சார்”னு விற்கிறவர்! (சிரிப்பு)

மலை என்றதும் மனசு கனக்குது. 2024 டிசம்பர் 1. ஃபெங்கல் புயல் மழை. மலையடிவாரம் வ.உ.சி. நகரிலே மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டையே மூடியது. ஏழு உயிர். அதில் ஐந்து குழந்தைகள். அவங்க மலைக் காட்சிக்காக அங்கே போனவங்களா? ஊருக்குள்ளே விலை கட்டுப்படியாகாத எளிய மக்களுக்கு மேடுதான் மிஞ்சுது. கீழே நிலம் விலை ஏறினால், ஏழை மேலே ஏறுகிறான். அந்த நெருக்கடியை நிம்மதி என்று எந்த நாக்காலே சொல்றது?

அப்போ வாங்கவே கூடாதான்னு கேட்பீங்க. என் தோழருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். அந்த வீட்டை மூணு தடவை போய்ப் பாருங்க. பௌர்ணமி அன்றைக்கு ஒரு தடவை: வண்டி நுழையுதா, தண்ணி வருதா? அமாவாசை ராத்திரி ஒரு தடவை: எத்தனை வாசலிலே விளக்கு எரியுது? அடைமழையிலே ஒரு தடவை: மலைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடுது? மூணும் சரியா இருந்து, நீங்களே போய்க் குடியிருக்கிறதா இருந்தா வாங்குங்க. மேல் மாடியைப் பருவத்துக்கு விட்டாலும், கீழே ஓர் உள்ளூர்க் குடும்பத்துக்கு நியாயமான வாடகைக்கு இடம் கொடுங்க. அவங்க வாடகையிலே குறையுறது உங்க காவல்காரன் சம்பளம்னு நினைச்சுக்கோங்க.

என் தோழர் வீட்டை விற்கலை. வாசல் திண்ணையை அந்த இட்லிக்கடை அம்மாவுக்கே விட்டுக் கொடுத்திருக்கார். இப்போ மூன்றரை மணிக்கு அங்கே மறுபடி அடுப்பு எரியுது.

ஆனா ஒருத்தர் திண்ணை கொடுத்தா ஒரு தெரு பிழைக்கும். ஒரு பகுதியே வாங்கிப் போட்டுப் பூட்டிக்கொண்டே போனால்? பூட்டு கூடக்கூட பயமும் கூடுது; பயம் கூடக்கூட பூட்டும் கூடுது. ஆகவே, இன்றைய நிலையில் ரமணாசிரமப் பகுதியில் வீடு வாங்குவது வாங்குகிறவருக்கும் நெருக்கடி, வெளியேறுகிறவருக்கும் நெருக்கடியே, நெருக்கடியே என்று கூறி, நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்குவார்கள் என்ற நம்பிக்கையோடு அமர்கிறேன். (கைதட்டல்)