கிளேயர் தொகுதி கற்பிக்கும் பாடம்



அயர்லாந்தின் மேற்குக் கரையிலே கிளேயர் என்றொரு மாவட்டம் உண்டு. 1801 ஆம் ஆண்டு அயர்லாந்து பிரித்தானியாவுடன் இணைக்கப்பட்ட நாள் முதல் 1885 ஆம் ஆண்டு வரை, எனிஸ் நகர் நீங்கலாக, அம்மாவட்டம் ஒரே தொகுதியாக நின்று இலண்டன் பாராளுமன்றத்துக்கு இரு உறுப்பினரை அனுப்பி வந்தது. இன்று அத்தொகுதி இல்லை. எனினும், வழக்குமன்றத்திற் கறுப்பு அங்கி அணிவோரும் வயலிற் கலப்பை பிடிப்போரும் ஒரே பந்தலின்கீழ் அமர்ந்திருக்கும் இவ்வவையில் அதன் வரலாற்றை எடுத்துரைப்பது தகும் என எண்ணுகிறேன். அங்கே கமக்காரர் ஈட்டிய வெற்றியின் பயனைப் படித்தோர் அடைந்தனர்; அதன் விலையைக் கமக்காரர் செலுத்தினர்.

அக்காலத்து அயர்லாந்தில் மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். நிலமோ பெரும்பாலும் புரட்டஸ்தாந்து நிலப்பிரபுக்களின் கையில் இருந்தது. 1793 ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கருக்கு வாக்குரிமையை அளித்தது; பாராளுமன்றத்தில் அமரும் உரிமையை அளிக்கவில்லை. உறுப்பினராவோர் தம் சமயத்தைப் பழித்துச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தமையால் கத்தோலிக்கர் எவரும் அவ்வாசலைத் தாண்ட இயலவில்லை. மாவட்டத் தொகுதிகளில் வாக்களிக்க ஆண்டுக்கு நாற்பது சிலிங் பெறுமதியுள்ள நிலவுரிமை போதும். ஆயுட்காலக் குத்தகையும் அவ்வகை உரிமையாகக் கொள்ளப்பட்டது. ஆகவே நிலப்பிரபுக்கள் தம் காணிகளைச் சிறுசிறு துண்டுகளாக்கிக் குத்தகைக்கு விட்டு வாக்காளரைப் பெருக்கினர். வாக்களிப்புப் பகிரங்கமாக நடந்தது. பிரபுவின் காரியக்காரர் பார்த்திருக்க, குத்தகைக்காரன் வாய்திறந்து தன் வேட்பாளரின் பெயரைச் சொல்ல வேண்டும். மாறிச் சொன்னால், குத்தகை நிலுவை இருக்கும் மனிதன் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதுதான்.

இந்த ஏழைகளின் வாக்கு பிரபுக்களின் சொத்தென்றே எவரும் கருதினர். அக்கருத்தைப் பொய்யாக்கியது 1828 ஆம் ஆண்டு நடந்த கிளேயர் இடைத்தேர்தல்.

அத்தொகுதியின் உறுப்பினராகிய வெசி பிற்சரால்ட் அமைச்சராக நியமிக்கப்பட்டார். அக்கால விதிப்படி அமைச்சராவோர் மீண்டும் தேர்தலுக்கு நிற்க வேண்டும். அவரை எதிர்த்து நின்றவர் டானியல் ஓ கொனல். கெறி மாவட்டத்தவர், பெயர்பெற்ற நியாயவாதி, கத்தோலிக்கர். 1823 இல் அவரும் தோழர்களும் நிறுவிய கத்தோலிக்க சங்கம், மாதம் ஒரு பென்னி என்ற சந்தாவினால் குடிசைகள் தோறும் வேரூன்றி இருந்தது. கத்தோலிக்கர் ஒருவர் தேர்தலில் நிற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. வென்றபின் அமர்வதையே தடுத்தது. இந்த நுணுக்கத்தைக் கண்டதில் ஒரு சட்டவறிஞரின் திறமை விளங்குகிறது. ஆனால் நுணுக்கம் மட்டும் வாக்குப் பெற்றுத் தராது.

பிற்சரால்ட் கொடியவர் அல்லர். கத்தோலிக்கருக்கு உரிமை வழங்க வேண்டுமென வாதாடியவரே அவர். இருந்தும் எனிஸ் நகரிலே ஐந்து நாட்கள் நடந்த வாக்களிப்பில் நாற்பது சிலிங் குத்தகைக்காரர், குருமார் முன்செல்ல அணியணியாக வந்தனர். மதுவைத் தொடவில்லை, கலகம் விளைவிக்கவில்லை. பிரபுக்களின் முகத்துக்கு நேரே ஓ கொனலின் பெயரைச் சொன்னார்கள். அவருக்கு 2,057 வாக்குகள், அமைச்சருக்கு 982.

அரசாங்கம் அஞ்சியது. அடுத்த பொதுத்தேர்தலில் அயர்லாந்து முழுவதும் ஒரு கிளேயர் ஆகிவிடுமே என்று பிரதமர் வெலிங்ரனும் உள்நாட்டு அமைச்சர் பீலும் கண்டனர். 1829 ஏப்பிரல் 13 ஆம் நாள் கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் நிறைவேறியது. பாராளுமன்ற ஆசனங்களும், சில நீங்கலாக உயர்பதவிகள் யாவும் கத்தோலிக்கருக்குத் திறந்தன. நியாயவாதிகள் நீதிபதிகளாகலாம், செல்வர் உறுப்பினராகலாம்.

பெரியோர்களே, அதே நாளில் இன்னொரு சட்டமும் முடியின் சம்மதம் பெற்றது. அயர்லாந்து மாவட்டங்களில் வாக்குரிமைக்கான நிலத்தகைமை நாற்பது சிலிங்கிலிருந்து பத்துப் பவுணாக உயர்த்தப்பட்டது. அஃதாவது, ஐந்து மடங்கு. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டதாகக் கணிக்கப்படும் வாக்காளர் தொகை நாற்பதினாயிரத்துக்கும் கீழே வீழ்ந்தது. இது தற்செயலாக நேர்ந்ததன்று. முதற் சட்டத்துக்கு விலையாகவே இரண்டாஞ் சட்டம் வந்தது. 1825 இலேயே இப்பேரம் பேசப்பட்டபோது ஓ கொனல் அதற்கு இணங்கியிருந்தார். 1826 இல் வாட்டர்போட் குத்தகைக்காரரின் துணிவைக் கண்டபின் அந்நிலையைக் கைவிட்டார். 1829 இல் எதிர்ப்புத் தெரிவித்தார். ஆயின் எனிஸ் நகரிலே எழுந்தது போன்றதோர் இயக்கம் குத்தகைக்காரருக்காக எழவில்லை. எழுப்புவதற்குச் சங்கமும் இருக்கவில்லை. சலுகை வரப்போகிறது என்ற நம்பிக்கையில் அது பெப்ரவரியிலேயே தன்னைக் கலைத்துக்கொண்டது.

மே மாதம் 15 ஆம் நாள் ஓ கொனல் பாராளுமன்றத்துக்குச் சென்று பழைய சத்தியத்தை ஏற்க மறுத்தார். புதிய சட்டம் தனக்குப் பின் தெரிவானோருக்கே பொருந்தும் என்று கூறி அவரைத் திருப்பி அனுப்பினர். யூலை 30 இல் அவர் கிளேயரில் மீண்டும் போட்டியின்றித் தெரிவானார். ஓராண்டுக்கு முன் அவரை வெல்லச் செய்த நாற்பது சிலிங் குத்தகைக்காரன் அந்நாளில் வாக்கற்றவனாய் நின்றான்.

வாக்கற்ற குத்தகைக்காரனால் பிரபுவுக்கு என்ன பயன்? முன்னர் அவனை நிலத்தில் வைத்திருப்பதில் அரசியல் இலாபம் இருந்தது, இனி இல்லை. சிறு காணிகளை ஒன்றாக்குவதற்கு இருந்த தடையொன்று நீங்கியது. 1845 இல் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் தொடங்கியது. அதன் பின்னைய ஆண்டுகளில் கிளேயர் மாவட்டத்துக் கில்ரஷ் பகுதியிற் குடிசைகள் இடிக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் துரத்தப்பட்டனர். அக்கொடுமைக்கு வாக்கிழப்பே காரணம் என்று கூறேன். பஞ்சமும் கடனும் வரிச்சுமையும் காரணங்கள். ஆனால் அவர்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் எந்த உறுப்பினருக்கும் இருக்கவில்லை.

இரகசிய வாக்களிப்பு 1872 இல் வந்தது. 1879 இடைத்தேர்தலில் கிளேயர் தெரிவு செய்தவர் ஓ கோர்மன் மகோன். 1828 இல் ஓ கொனலின் பெயரை முன்மொழிந்த அதே மனிதர், முதுமையில். எளிய குடியானவனுக்கு வாக்கு மீண்டது 1884 ஆம் ஆண்டுச் சட்டத்தினால். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன! மறு ஆண்டு அத்தொகுதி கிழக்கு, மேற்கு என இரண்டாயிற்று. 1917 இல் கிழக்குக் கிளேயரில் டி வலேரா 5,010 வாக்குகள் பெற்று, 2,035 பெற்ற எதிராளியை வென்றது பின்னைய வரலாறு.

ஓ கொனலைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. வாள் எடுக்காமல் ஒரு பேரரசைப் பணியவைத்த பெருமை அவருக்குரியது. ஆனால் கற்றோராகிய நாம், பேச்சுவார்த்தை மேசையில் நமக்குரிய ஆசனத்தைப் பெற்றதும் வெளியே நிற்பவனை மறப்பது எளிது. உடன்படிக்கை எதுவாயினும் அதனுடன் வரும் இரண்டாவது தாளையும் வாசியுங்கள். வாக்காளர் இடாப்பிலிருந்து எவர் பெயர் நீங்குகிறது என்று பாருங்கள். கமக்காரப் பெருமக்களே, உங்கள் பெயரால் வெற்றி பெற்றோரிடம் அத்தாளைக் காட்டும்படி கேளுங்கள். சங்கத்தைக் கலைக்குமுன் கேளுங்கள்.