பட்டத்திற்குப் பின் ஓராண்டு: மின்பொறியாளருக்குக் களப்பயிற்சி

(மின்பொறியியல் மாணவர்களும் மின்துறை அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மின்பொறியியலில் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர், மின்மாற்றியின் சமானச் சுற்றைத் தாளில் பிழையின்றி வரைந்து காட்டுவார். மும்முனை மின்பாதையில் பழுது நேர்ந்தால் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்வார். ஆனால், துணைமின் நிலையத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் மின்மாற்றியின் அருகே நிறுத்தி, அதன் இரைச்சல் வழக்கமானதா, மாறுபட்டதா என்று கேட்டால் அவரால் விடை கூற இயலாது. இது அவருடைய குறையன்று. முழுவதும் கல்லூரியின் குறை என்றும் சொல்லிவிட முடியாது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் பாதையில் மாணவரைப் பழகிப் பார்க்கும்படி யாரும் விடமாட்டார்கள். பட்டத்திற்கும் பணிக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை எங்கே, யார் பொறுப்பில், எவ்வாறு நிரப்புவது என்பதே கேள்வி.

பிற பொறியியல் துறைகளிலும் இந்தக் கேள்வி உண்டு. எனினும் மின்துறையில் அது கூர்மையாக எழுவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டடத்தில் நேரும் தவறு பெரும்பாலும் விரிசலாகக் கண்ணுக்குத் தெரியும். இயந்திரத்தில் நேரும் தவறு அதிர்வாகவோ வெப்பமாகவோ முன்கூட்டியே தன்னை அறிவிக்கும். மின்னூட்டம் உள்ள கம்பிக்கும் இல்லாத கம்பிக்கும் பார்வையில் வேறுபாடு கிடையாது. மேலும், பொறியாளர் செய்யும் தவறுக்கு உரிய விலையைப் பெரும்பாலும் பொறியாளர் கொடுப்பதில்லை. கம்பத்தின் மேல் இருக்கும் தொழிலாளி கொடுக்கிறார்.

சட்டம் திறந்த வாயில்

தொழில் பழகுநர் சட்டம் 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்டபோது, அது பொருத்துநர், கடைசலர், மின்பணியாளர் போன்ற கைத்தொழில் பிரிவினரையே மனத்தில் கொண்டிருந்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தமே பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரர்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. சென்னை, மும்பை, கொல்கத்தா, கான்பூர் ஆகிய நான்கு இடங்களில் அமைந்த பயிற்சி வாரியங்கள் இதனைக் கவனித்துக்கொள்கின்றன. பட்டதாரிக்கு ஓராண்டுப் பயிற்சி. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கும் என்ற ஏற்பாடு. 2019ஆம் ஆண்டில் பட்டதாரிகளுக்கான குறைந்தபட்சத் தொகை மாதம் 9,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது.

சட்டத்தின் பார்வையில் பயிற்சியாளர் தொழிலாளி அல்லர்; பயில்பவர். இதனால் அவரிடம் உற்பத்தி அளவை எதிர்பார்க்க முடியாது என்பது நன்மை. ஆனால், அவர் நிறுவனத்திற்குச் சொந்தமானவர் என்று எவரும் கருதாமல் போவது தீமை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டிய கடமை நிறுவனத்திற்கு இல்லை என்று சட்டம் வெளிப்படையாகக் கூறியது; 2014ஆம் ஆண்டுத் திருத்தம், இவர்களைப் பணியமர்த்துவது பற்றி நிறுவனமே தனக்கென ஒரு கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்ற அளவுக்கு மட்டும் நகர்ந்தது. ஓராண்டில் வெளியேறிவிடுவார் என்று தெரிந்த ஒருவருக்குத் தன் நேரத்தைச் செலவிட்டுக் கற்றுக்கொடுக்க மேற்பார்வையாளர் தயங்குவது இயல்பே.

இதற்கு மாறான ஒரு முன்மாதிரியும் நம் நாட்டில் உண்டு. டிராம்பேயில் அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி 1957ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட அறிவியல், பொறியியல் பட்டதாரிகள் அங்கே ஓராண்டு பயில்கிறார்கள். பாடம் நடத்துபவர்களில் பெரும்பாலோர் அந்நிறுவனத்திலேயே ஆராய்ச்சியிலும் உலைப் பணிகளிலும் ஈடுபட்டிருப்பவர்கள். நாளை தம்முடன் பணியாற்றப் போகிறவர் என்பதை அறிந்தே அவர்கள் கற்பிக்கிறார்கள். இந்த ஒரு வேறுபாடு, பாடத்திட்டத்தில் உள்ள எல்லா வேறுபாடுகளையும்விடப் பெரிது. பிலானியில் 1973ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் களப்பயிற்சித் திட்டம் வேறொரு வழியைக் காட்டுகிறது: பட்டம் முடியுமுன்பே மாணவரைத் தொழிற்சாலைக்கு அனுப்பி, அதற்கு மதிப்பெண்ணும் வழங்கும் வழி.

மின் நிலையங்களின் தேவை

மின் உற்பத்தித் துறைக்கு இந்தத் தேவை முன்பே புலப்பட்டுவிட்டது. அனல்மின் நிலையப் பணியாளர்களுக்கென 1965ஆம் ஆண்டில் நெய்வேலியிலும், 1968இல் துர்காபூரிலும், 1974இல் தில்லியிலும், 1975இல் நாகபுரியிலும் பயிற்சி நிலையங்கள் ஏற்பட்டன. 1980ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மின்பொறியாளர் பயிற்சிக் கழகமே 1993 முதல் தேசிய மின்விசைப் பயிற்சி நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. நெய்வேலியின் முதல் மின் நிலையத்தில் தொடக்கத்தில் நிறுவப்பட்டவை 50 மெகாவாட் இயந்திரங்கள். 1984ஆம் ஆண்டில் டிராம்பேயில் நாட்டின் முதல் 500 மெகாவாட் இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ இருபதாண்டுகளில் பத்து மடங்கு பெருத்துவிட்ட இயந்திரத்தை, மூத்தவரின் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. மின் நிலையங்களை இயக்கவும் பராமரிக்கவும் உரிய தகுதியும் பயிற்சியும் பெற்றவர்களையே அமர்த்த வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் விதித்தன.

இயக்கப் பயிற்சிக்குப் பாவனைக் கட்டுப்பாட்டு அறைகள், அதாவது சிமுலேட்டர்கள், பெரிதும் துணை செய்கின்றன. உண்மையான நிலையத்தில் சுழலி திடீரென நின்றுபோவதைப் புதியவர் மாதக்கணக்கில் காணாமலே இருக்கலாம். சிமுலேட்டரில் அதை ஒரே நாளில் பத்து முறை நிகழ்த்திப் பார்க்கலாம். ஆனால், அங்கே கொதிகலனின் வெக்கை இல்லை. கருகும் காப்புப்பொருளின் வாடை இல்லை. தொலைபேசியில் கத்தும் மேலதிகாரியும் இல்லை.

ஒரு சீட்டும் ஓர் உயிரும்

களத்தில் புதிய பொறியாளர் கற்க வேண்டியவற்றுள் முதலிடம் பெறுவது பணி அனுமதிச் சீட்டு. ‘பர்மிட்’ என்றும் ‘லைன் கிளியர்’ என்றும் வழங்கப்படும் இந்தச் சிறு தாளைப் பற்றிக் கல்லூரியில் ஒரு மணி நேரம்கூடப் பேசப்படுவது அரிது. ஒரு மின்பாதையில் வேலை செய்ய வேண்டுமெனில், முதலில் பிரேக்கரைத் திறக்க வேண்டும். பிறகு ஐசொலேட்டர்களைத் திறந்து, அவை மூன்று முனைகளிலும் உண்மையிலேயே விலகியிருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பூட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும். மின்னழுத்தம் இல்லை என்பதைக் கருவியால் சோதிக்க வேண்டும். பிறகு பாதையை நிலத்துடன் இணைக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே சீட்டு எழுதப்படும். வேலை முடிந்ததும் ஆட்களும் கருவிகளும் விலகிவிட்டதை உறுதிசெய்துகொண்டு, சீட்டைப் பெற்றவரே அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

படிக்கும்போது இது எளிதாகத் தோன்றும். மழை பெய்யும் இரவில், மின்சாரம் எப்போது வரும் என்று ஊரே கேட்டுக்கொண்டிருக்கும் வேளையில், இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிவிடலாமே என்ற எண்ணம் எழும். நிலத்துடன் இணைக்கும் படிதான் பெரும்பாலும் பலியாவது. பிரேக்கரைத்தான் திறந்துவிட்டோமே என்ற வாதம் உடனே கைக்கு வரும். ஆனால், மின்சாரம் ஒரே திசையிலிருந்து வருவதில்லை. மாற்றுச் சாவி இன்றி இணைக்கப்பட்ட ஒரு கடைக்காரரின் டீசல் ஜெனரேட்டர், பகிர்மான மின்மாற்றியின் வழியே பின்னோக்கி ஏறி, இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட உயர் அழுத்தக் கம்பிக்கு உயிரூட்டிவிடும். அருகே இணையாகச் செல்லும் வேறொரு பாதையின் தூண்டலாலும் அழுத்தம் ஏறும். கூரைதோறும் சூரிய மின்தகடுகள் ஏறிவரும் இந்நாளில், பின்னோக்கி வரும் மின்சாரத்தைப் பற்றிய கவனம் முன்னைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. மின்வலை நின்றால் தானும் நின்றுவிடும் காப்பு அவற்றின் இன்வர்ட்டர்களில் உண்டு. அதை நம்பி நிலத் தொடர்பைக் கைவிடும் பொறியாளரை யாரும் மன்னிக்கக் கூடாது.

அளவீட்டிலும் இத்தகைய பாடங்கள் உள்ளன. காப்புத்தடையை மெகரில் அளந்து ஏட்டில் எழுதும் புதியவர், அப்போதிருந்த வெப்பநிலையை எழுதாமல் விட்டுவிடுகிறார். வெப்பம் ஏறினால் காப்புத்தடை குறையும். எனவே வெப்பநிலை குறிக்கப்படாத அந்த எண்ணைச் சென்ற ஆண்டின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. இதைப் புரிய வைக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால், அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்கும் மனிதர் அங்கே இருக்க வேண்டும்.

2012ஆம் ஆண்டு ஜூலை

அனுபவம் என்பது திருப்புளி பிடிப்பதோடு முடிவதன்று. 2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அதிகாலையில் வடக்கு மின்வலை வீழ்ந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்வலைகள் மூன்றும் வீழ்ந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி மின்சாரம் இழந்தது. இரு நாட்களிலும் பீனா – குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை துண்டிக்கப்பட்டது முக்கியமான நிகழ்வு. அந்தப் பாதையில் பழுது ஏதுமில்லை. இணைப் பாதை மேம்பாட்டுப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. எஞ்சிய பாதையில் சுமை மிகுந்து, மின்னழுத்தம் தாழ்ந்தது. மிகுந்த மின்னோட்டமும் தாழ்ந்த மின்னழுத்தமும் சேர்ந்ததைத் தொலைவில் நேர்ந்த பழுது என்று மூன்றாம் மண்டலக் காப்பு ரிலே எடுத்துக்கொண்டது. ரிலே தனக்கு இடப்பட்ட கட்டளையைத்தான் நிறைவேற்றியது. விசாரணைக் குழுவின் பரிந்துரைகளுள் மின்வலை இயக்குநர்களுக்குப் பயிற்சியும் தகுதிச் சான்றும் அளிப்பதும் ஒன்றாக இருந்தது.

மின்தடையைக் கோட்டிலும் வட்டத்திலும் வரைந்து மூன்றாம் மண்டலத்தை விளக்குவது தேர்வுக்குப் போதும். சுமையும் பழுதும் ரிலேயின் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் நேரம் உண்டு என்பதை உணர, பயிற்சியாளர் ஒரு நிலையத்தின் ரிலேப் பதிவுகளைத் தம் கையால் புரட்டி, ஒவ்வொரு துண்டிப்புக்கும் காரணம் எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

ஓராண்டை எவ்வாறு செலவிடுவது

நடைமுறையில் பல இடங்களில் நிகழ்வது வேறு. பயிற்சியாளர் இரண்டு வாரம் ஒரு பிரிவில், இரண்டு வாரம் மற்றொரு பிரிவில் எனச் சுற்றுலாப் பயணி போல நகர்த்தப்படுகிறார். அல்லது அலுவலகத்தில் அமர்த்தப்பட்டுக் கணினியில் பட்டியல் தட்டச்சு செய்கிறார். பயிற்சி அலுவலராக நியமிக்கப்படுபவர், வேறு எந்தப் பணிக்கும் தேவைப்படாதவர் என்று நிர்வாகம் கருதியவராக இருப்பதும் உண்டு. பெண் பொறியாளர்களின் நிலை இன்னும் மோசம்: பாதுகாப்பு என்ற பெயரால் அவர்களை வரைபட அறையில் உட்கார வைத்துவிட்டு, பின்னர் பதவி உயர்வின்போது களஅனுபவம் இல்லை என்று சொல்லும் வழக்கம் நியாயமானதன்று.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையைக் கைவிட்டு, ஆண்டின் பிற்பாதியில் எல்லை வரையறுத்த ஒரே ஒரு பொறுப்பைப் பயிற்சியாளரிடம் ஒப்படைப்பது பயன் தரும். ஒரு துணைமின் நிலையத்தின் மின்கல அறை. ஒரு மின்மாற்றியின் எண்ணெய்ச் சோதனையும் சிலிக்கா ஜெல்லும். ஒரு பாதையின் துண்டிப்புப் பதிவு. கையெழுத்து மூத்த பொறியாளருடையதாகவே இருக்கட்டும். ஆனால், சீட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் பயிற்சியாளர் முதலில் எழுதி, ஏன் என்று விளக்கிய பின்னரே மூத்தவர் கையெழுத்திட வேண்டும். ஆண்டு முடிவில் நடக்கும் தேர்வும் அறைக்குள் நடக்காமல், மின்முற்றத்தில், வேறொரு நிலையத்திலிருந்து வரும் பொறியாளரால் நடத்தப்படலாம்.

ஆள்பற்றாக்குறைதான் இதற்குத் தடையாகச் சொல்லப்படும் காரணம். பராமரிப்புப் பணிகள் ஒப்பந்தக்காரர்களிடம் சென்றுவிட்ட நிலையங்களில் கற்பிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை குறைந்துவருவது உண்மையே. எனினும், முப்பது ஆண்டு அனுபவத்துடன் ஓய்வுபெற்ற மின்பாதை ஆய்வாளர்களும் போர்மேன்களும் அந்தந்த ஊர்களிலேயே வசிக்கிறார்கள். வாரத்திற்கு இரண்டு நாள் மதிப்பூதியத்தில் அவர்களை அழைத்துப் பயிற்சியாளர்களுடன் அனுப்புவதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ தேவையில்லை. ஆகும் செலவைப் பயிற்சிக் கணக்கில் எழுத அனுமதிக்கும் ஓர் அலுவலக ஆணை போதும். அந்த ஆணையைப் பிறப்பிக்கும் அதிகாரம் பல வாரியங்களில் தலைமைப் பொறியாளர் நிலையிலேயே அளிக்கப்படலாம்.