மதிப்பெண்ணும் தொகுப்பேடும்
(சத்தியமங்கலம் வட்டாரப் பெற்றோரிடையே ஆற்றிய உரை)



ஒரே மல்லிகைச் செடியின் அரும்புகள் யாவும் ஒரே நாளில் பறிக்கும் பருவத்தை அடைவதில்லை. இதைச் சத்தியமங்கலத்து மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. குழந்தைகளின் கல்வியும் அத்தகையதே. 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்றே பெயரிட்டது.

குழந்தை எந்நிலையில் இருக்கிறது என்று அறிந்தால் மட்டும் போதுமா? எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதையும் அறிய வேண்டாமா? 2012-13-இல் நம் மாநிலத்தில் தொடர் மதிப்பீட்டு முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டிற்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 என மதிப்பெண்கள் வகுக்கப்பட்டன. வகுப்பறைச் செயல்களும் கணக்கில் சேர்ந்தன. எனினும், வெறும் எண்ணைக் கண்டு பெற்றோர் எதனை உணர்வர்?

இக்குறையைப் போக்குவதே தொகுப்பேடு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டைக்கோப்பு போதும். குழந்தை எழுதியது, வரைந்தது, போட்ட கணக்கு ஆகியவற்றை மாதந்தோறும் தேதியிட்டுச் சேர்த்தல் வேண்டும். ‘உதவியின்றி இருபது வரை எண்ணினாள்’ என்பது போல ஆசிரியர் ஒரு வரி குறிக்கலாம். அழகிய தாள்களை மட்டும் பொறுக்குதல் ஆகாது. இன்றைய பிழையே நாளைய வளர்ச்சிக்குச் சான்று. எதனை வைக்கலாம் என்று குழந்தையையும் கேட்க வேண்டும்.

தாளவாடி மலைப்பகுதியில் வீட்டில் கன்னடம் பேசும் குழந்தைகள் பலர். தமிழ்த் தாளில் எழுதத் தயங்கும் குழந்தை, வாயால் நல்ல கதை சொல்லக்கூடும். அதனை ஆசிரியர் எழுதி வைத்தால் அதுவும் சான்றே. கரும்பு வெட்டப் பெற்றோருடன் வெளியூர் செல்லும் குழந்தையுடன் கோப்பும் செல்லுமாயின், புதிய ஆசிரியர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. மேலதிகாரியின் பார்வைக்காக ஓரிரவில் நிரப்பப்படும் கோப்பினால் ஆசிரியருக்குச் சுமையே மிஞ்சும், குழந்தைக்குப் பயனில்லை.

ஜூனில் கோடு கிறுக்கிய கை டிசம்பரில் தன் பெயரை எழுதுகிறது. அவ்விரு தாள்களையும் அருகருகே வைத்தால், எழுத்தறியாத தாயும் வேறுபாட்டைக் காண்பாள். ‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ என்று ஏழு வயதிலேயே முடிவு கட்டி, ஆடு மேய்க்க அனுப்ப அவளுக்கு மனம் வருமா?

ஆகவே, அடுத்த முறை பள்ளிக்குச் செல்லும்போது, ‘எத்தனை மதிப்பெண்?’ என்று கேட்பதற்கு முன், ‘என் குழந்தை செய்தவற்றைக் காட்டுங்கள்’ என்று கேட்குமாறு உங்களை வேண்டுகிறோம்.